பிறர் கதையும் தன் யாப்பும்
(திண்டுக்கல்லில் ஆற்றப்பெற்ற உரை)



சென்னை ஆட்சியராய் இருந்த எல்லீசர் 1819-இல் இராமநாதபுரத்தில் மறைந்தார். அவர்தம் கல்லறைக் கல்வெட்டு, அறத்துப்பாலை ஆங்கிலத்திற் பெயர்த்தவர் அவர் எனத் தமிழ்ப் பாவிலேயே கூறுகின்றது. குறட்பாக்கள் பலவற்றை அவர் ஆங்கிலப் பாவாகவே ஆக்கினார். இவ் வழக்கம் ஆங்கிலர்க்கு எங்கிருந்து வந்தது?

ஓவிது என்னும் இலத்தீன் பாவலர் கி.மு. 43-இற் பிறந்தவர். அவர்தம் 'உருமாற்றங்கள்' 15 படலமும் ஏறத்தாழ 12,000 அடியும் கொண்டது. மாந்தர் மரமாகவும் பறவையாகவும் கல்லாகவும் மாறிய தொன்மக் கதைகளின் கோவை அது. அதன் அடிகள் ஆறு சீரின, இயைபு அற்றன.

1567-இல் கோல்டிங்கு என்பார் அந்நூல் முழுவதையும் ஆங்கிலப் பாவாக்கினார். இலத்தீன் யாப்பை அவர் கடன் வாங்கினாரல்லர். தம் நாட்டார் பாடிப் பழகிய பதினான்கு அசையடியை இயைபுடன் கையாண்டார். செகப்பிரியர் தம் இறுதிக்கால நாடகமொன்றில் மந்திரக்காரன் கூற்றுக்கு அப் பெயர்ப்பினின்று சொல்லெடுத்தார். பின்னர்ச் சாண்டிசு என்பார் ஒரு பகுதியைக் கடற்செலவிலும் ஒரு பகுதியை அமெரிக்க வர்சீனியாவிலும் பெயர்த்து, 1626-இல் நூலை முற்றுவித்தார். 1717-இல் திரைடன் முதலிய பலர் பெயர்ப்புகளைத் தொகுத்துக் கார்த்து வெளியிட்டார். ஒரே நூல்; தலைமுறைதோறும் புதிய ஆங்கிலம்!

இதனிற் கொள்ளத்தக்கதும் உண்டு, தள்ளத்தக்கதும் உண்டு. பிறர் கதையைத் தன் யாப்பில் வார்த்தது கொள்ளத்தக்கது. இலத்தீன் சொற்களை வரைதுறையின்றி வாரிக்கொண்டது தள்ளத்தக்கது. ஆங்கிலத்தைக் கலப்பின்றி எழுதுக என 1557-இலேயே சீக்கர் என்னும் ஆங்கில அறிஞர் எழுதினார். கேட்பாரில்லை.

தமிழோ வேறு வழி கண்டது. விபீடணனைக் கம்பர் வீடணன் ஆக்கினார். இலத்தீன் கற்ற வீரமாமுனிவர் தேம்பாவணியில் யோசேப்பை வளன் என்றும், யோவானைக் கருணையன் என்றும் பொருள்நோக்கிப் பெயரிட்டார். பொருள் வெளியினின்று வந்தது. சொல் தமிழாகவே நின்றது.

இனி, ஓவிதைத் தமிழாக்குவார் என் செய்வார்? தாபினை என்னும் நங்கை அப்பொலன் துரத்த ஓடி மரமாகிறாள். அம் மரத்தின் தழையே வென்றவர் தலையிற் சூடுவது என்கிறான் அவன். அத் தழைக்கு ஆங்கிலப் பெயரை அப்படியே எழுதினால் தமிழ் மாணவனுக்கு ஒன்றும் விளங்காது. 'வாகை' என்றால், வென்றார் சூடும் பூ என உடனே தெளிவான். மரம் வேறு என்பது மெய். அதனை அடிக்குறிப்பிற் சொல்லலாம். வெற்றி என்னும் கருத்தன்றோ அங்கு உயிர்!

ஆகவே இலத்தீன் கற்ற தமிழர், ஆங்கிலத்தின் வழியாக அன்றி, மூலத்தினின்று நேரே ஆசிரியப்பாவிலோ மண்டிலத்திலோ பெயர்த்தல் வேண்டும். ஆங்கிலத்தின் வழியே வருவது நிழலின் நிழல்.

எல்லீசர் மறைந்தபின் அவர்தம் தாள்கள் பேணுவாரின்றி மதுரையில் அடுப்பெரிக்கப் பயன்பட்டன என்று வால்டர் எலியட்டு எழுதிவைத்தார். அச்சேறாத உழைப்பின் முடிவு அது. தமிழ் கற்றவரே, எழுதுமின், எழுதியதை அச்சிடுமின்! பிற மொழிச் செல்வம் தமிழுடுத்து வருக!

வெல்க தமிழ்!