பல்கலைக்கழகமும் பயிற்றுமொழியும்
(சீயமங்கலத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

 

பல்லவன் பாறையைக் குடைந்த இச் சீயமங்கலத்தில் நின்று, தில்லைக்கு அருகிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேச விழைகின்றேன். அது நமக்கு அயலது அன்று. செஞ்சிக் கோட்டை நிற்கும் விழுப்புரம் மாவட்டத்துக் கல்லூரிகள் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதனோடு இணைக்கப்பெற்றன. ஆகவே அதன் வரலாறு நம் பிள்ளைகளின் வரலாறு.

அரசர் அண்ணாமலையார் 1920இல் மீனாட்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் நிறுவிய கல்லூரிகளே ஒன்றுகூடி 1929இல் பல்கலைக்கழகமாயின. தங்கிப் பயிலும் கழகமாக அஃது அமைந்தமையின், தொலைவூர்களிலிருந்து வந்த உழவர் மக்களும் ஒரே விடுதியில் உண்டு, உறங்கி, வாதிட்டு வளர்ந்தனர். விபுலானந்த அடிகளும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் அங்குத் தமிழ் கற்பித்தனர். மொழிஞாயிறு பாவாணர் 1956 முதல் 1961 வரை அங்கிருந்து சொல்லாராய்ந்தார். தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டே முதலிடம் பெறவேண்டும் என்னும் முழக்கம் 1941இல் அங்குக் கூடிய தமிழிசை மாநாட்டில் எழுந்தது.

அம் மண்ணில் குருதியும் சிந்தியது. 1965 சனவரி 26 முதல் இந்தியே நடுவண் ஆட்சிமொழி என்றிருந்த நிலையை எதிர்த்து மாணவர் கொதித்தெழுந்தனர். மறுநாள், சனவரி 27இல், மாணவன் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு உயிரீந்தான். இன்றும் அவன் சிலையாய் நிற்கின்றான்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. இந்தி தடுக்கப்பட்டது, அவ்விடத்தில் அமர்ந்தது தமிழா? இல்லை! 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஆங்கிலத்திற்கே காப்பளித்தது. நாமும் ஆங்கிலத்தை வாயிலிற் காவல் வைத்துவிட்டு, வீட்டினுள் தமிழை அமர்த்த மறந்தோம். பகையைத் தடுப்பது பாதி வேலை. தமிழைப் பயிற்றுமொழி ஆக்குவதே மறுபாதி.

இதனால் யாருக்கு இழப்பு? நம் உழவன் மல்லாட்டைக் கொல்லையில் இலை கருகக் காண்கின்றான். ஆங்கிலத்தில் மட்டுமே வேளாண்மை கற்று வந்த இளைஞன், நோயை அறிந்தும், அவனுக்கு விளங்கச் சொல்ல மொழியின்றித் திகைக்கின்றான். உழவனிடம் உள்ள சொல் நூலேறவில்லை. நூலில் உள்ள அறிவு கொல்லைக்கு வரவில்லை. இடையே அறுந்து கிடப்பது மொழி.

2013இல் தனிச் சட்டத்தின் வழித் தமிழக அரசே அப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பை ஏற்றது. அரசின் கழகம் என்றால் மக்களின் கழகம். மக்களின் கழகத்தில் மக்களின் மொழியைக் கேட்பது இரத்தல் அன்று, உரிமை.

மாணவ மணிகளே! உங்கள் துறையின் கலைச்சொற்களைத் தமிழில் தொகுங்கள். உழவரிடமும் தச்சரிடமும் கொல்லரிடமும் வழங்கும் சொற்களை எழுதி வையுங்கள். தமிழில் எழுதும் வாய்ப்புள்ள தேர்வை நாணாது தமிழிலேயே எழுதுங்கள். வாய்ப்பில்லாத இடத்தில் அதனைக் கேட்டுப் பெறுங்கள். இராசேந்திரனுக்கு மாலையிடுதல் எளிது. அவன் தொடங்கியதை முடித்தலே நம் கடன்.

வெல்க தமிழ்!