முதிய வண்டியும் உடையவன் கடமையும்



யானையை விலைக்கு வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசலாகாது என்பது நம் முன்னோர் மொழி. யானையின் விலை ஒருநாட் செலவு. அதன் தீனியோ நாடோறும் வரும் செலவு. இக்காலத்தில் நம்மவர் வாசலில் யானை நிற்பதில்லை. ஆயினும் சிலர் வாசலில், ஒரு காலத்துச் செல்வர் மட்டுமே ஏறிச் சென்ற சொகுசு ஜீப் வண்டி, இருபது முப்பது ஆண்டு முதுமையோடு நிற்கின்றது. நான்கு சில்லுகளாலும் உந்தப்பட்டுச் செல்லும் அவ்வகை வண்டியை வாங்குவதும் பேணுவதுமே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பணிக்கொடைப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தகைய வண்டியை வாங்கலாமா என்று என்னிடம் கேட்ட நண்பர்கள் உளர். முப்பது ஆண்டு உழைப்பின் பயனைப் பற்றிய கேள்வியாதலின், அதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

எடுத்துக்காட்டாக றேஞ்ச் றோவர் வண்டியைக் கொள்வோம். இங்கிலாந்தின் சொலிஹல் நகரில் உருவான இவ்வண்டி 1970ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளிவந்தது. சேற்றில் இறங்கும் வலிமையையும் நெடுஞ்சாலையில் ஓடும் இனிமையையும் ஒன்றாக்கியமையே அதன் சிறப்பு. தொடக்கத்தில் அதன் உட்புறம் நீர் பாய்ச்சிக் கழுவத்தக்க எளிமையுடன் இருந்தது. தோலிருக்கையும் பிற சொகுசுகளும் பின்னாளில் வந்த அணிகள். 1972இல் பிரித்தானியப் பயணக் குழுவொன்று, பாதையே இல்லாத டேரியன் சதுப்புக் காட்டினூடாக இவ்வண்டிகள் இரண்டைக் கொண்டு சென்று புகழ் பெற்றது. அப்பயணத்திலும் மிகைச் சுமையால் அவற்றின் அச்சுப் பற்சக்கரங்கள் உடைந்தன. வலிமைக்கும் எல்லையுண்டு என்பதை அவ்வண்டி தன் இளமையிலேயே காட்டிவிட்டது.

வயது ஏற ஏற இத்தகைய வண்டியின் விலை இறங்கும். ஆனால் அதன் உதிரிப் பாகங்களின் விலை இறங்குவதில்லை. இதுவே உலகெங்கும் உள்ள நிலை. நம் நாட்டிலோ, 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால், இறங்கவேண்டிய விலையும் ஏறிற்று. எரிபொருளும் ஒரு பாடம் புகட்டியது. 2022இல் மோட்டார்க் காருக்கு வாரமொன்றுக்கு 20 லீற்றர் என அரசு பங்கிட்டபோது, எட்டுச் சிலிண்டர்ப் பெற்றோல் எஞ்சின் பூட்டிய வண்டியை வைத்திருந்தவர், நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்படவே ஓட முடிந்தது.

'பழைய வண்டி நமக்குப் புதிதா?' எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவு தடைப்பட்டபோது, நம் மெக்கானிக்குமார் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் வண்டிகளைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டினர். அது போற்றத்தக்க திறமை. ஆனால் அவ்வண்டிகளின் எளிமையும் அதற்கு இடங்கொடுத்தது. காபறேற்றரைக் கழற்றினால் உள்ளிருப்பது கண்ணுக்குத் தெரியும். பிற்காலச் சொகுசு வண்டியிலோ, கதவுப் பூட்டு முதல் எரிபொருட் பாய்ச்சல் வரை மின்னணுப் பெட்டிகளின் ஆட்சி. அங்கே கைத்திறனோடு, பழுதைப் படித்தறியும் கருவியும் அக்கருவியை அறிந்த மெக்கானிக்கும் வேண்டும். அத்தகையவர் அருகில் உளரா என்று அறிந்த பின்னரே வண்டியின் விலையைக் கேட்டல் அறிவுடைமை.

அடுத்து, வண்டியைப் பார்க்கும் முறை. றேஞ்ச் றோவரின் வெளித்தகடு பெரும்பாலும் அலுமினியம், அது துருப்பிடிப்பதில்லை. அதைத் தாங்கும் எலும்புக்கூடோ உருக்கு. இவ்விரு உலோகங்களும் தொடுமிடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அரிப்பு விரையும். கடலோரத்தில் வாழும் நமக்கு இது சிறு செய்தியன்று. வர்ணத்தின் பளபளப்பில் மயங்காமல், தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கதவின் கீழ்ப்பகுதியைத் தட்டிப் பாருங்கள்.

எஞ்சினும் அலுமினியமே. குளிர் நாடுகளில் நீர் உறையாதிருக்கக் கலக்கும் கூலன்ட் திரவம் நமக்கெதற்கு என எண்ணி, றேடியேற்றரில் கிணற்று நீரை வார்ப்பவர் உளர். உறைபனி நமக்கில்லை என்பது மெய். ஆனால் அத்திரவத்தில் உலோக அரிப்பைத் தடுக்கும் மருந்தும் உண்டு. சுண்ணாம்புக் கற்பாறையினூடாக ஊறிவரும் குடாநாட்டுக் கிணற்று நீர் கடினமானது. கேத்தலின் அடியிற் படியும் வெண்படிவமே றேடியேற்றரிலும் படியும். வழி அடைபட்டால் எஞ்சின் கொதிக்கும். கொதித்தால் அலுமினியத் தலைப்பகுதி வளையும். தூய்மையாக்கிய நீரிற் கலந்த கூலன்டை, தயாரித்தவர் குறித்த காலத்தில் மாற்றுவோர்க்கு அப்பெருஞ் செலவு நேர்வது அரிது.

1992 முதல் சில றேஞ்ச் றோவர்களில் உருக்குச் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றடைத்த இறப்பர்ப் பைகள் வந்தன. பயணம் மெத்தையிற் செல்வது போன்றிருக்கும். ஆனால் இறப்பர் மூப்படையும்; வெடிக்கும்; காற்றுக் கசியும். கசிவை ஈடுசெய்யக் காற்றழுத்தும் கொம்பிரசர் ஓயாது உழைத்துத் தானும் கெடும். காலையில் வண்டியின் ஒரு மூலை தாழ்ந்து நின்றால், சவர்க்கார நீரைப் பூசிக் குமிழி எழும் இடத்தைக் காணலாம். ஒரு பையை உரிய நேரத்தில் மாற்றுதல், கொம்பிரசரையும் சேர்த்து வாங்கும் செலவைத் தவிர்க்கும்.

நான்கு சில்லுகளும் எக்காலமும் இயங்கும் வண்டியில் டயர்கள் நான்கும் ஒரே அளவும் ஒத்த தேய்வும் உடையனவாதல் வேண்டும். இன்றேல் நடுப் பற்சக்கரத் தொகுதி ஓய்வின்றித் தேயும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் உண்டு. 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் ஆனது. தேயாத டயரும் முதுமையடையும் என்பதை மறத்தலாகாது.

இனி, பிறேக். இரண்டு தொன் அளவு எடையுள்ள வண்டிக்கு அங்குசம் அதுவே. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் சூடேறும்போது அந்நீர் ஆவியாகி, மிதித்த கால் வெறுமையில் இறங்கும். இரண்டு ஆண்டுக்கொருமுறை அதனை மாற்றுதல் நன்று. பணம் முடையெனின் இருக்கைத் தோலின் கிழிவைப் பொறுக்கலாம். குளிரூட்டியின்றிக் கண்ணாடியை இறக்கிச் செல்லலாம். பிறேக்கிற் சிக்கனம் கூடாது. அதில் ஏறுவோர் நம் பிள்ளைகள். எதிரே வருவோர் பிறர் பிள்ளைகள்.

ஆதலால், என்னிடம் யோசனை கேட்கும் நண்பர்களுக்கு நான் கூறுவது இது: கையிலுள்ள பணம் முழுவதையும் கொடுத்துத்தான் அவ்வண்டியை வாங்க முடியுமாயின், வாங்காதீர்கள். விலை கொடுத்த பின்னும் பழுதுக்கென ஒரு தொகையைப் புறம்பே வைக்கவும், மாதந்தோறும் அதிற் சிறிது சேர்க்கவும் இயலுமாயின், மகிழ்ச்சியோடு வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிப் பேண முடியாதிருப்போர், பேண வல்லவரிடம் அதைக் கொடுத்துவிடுதல் இழுக்கன்று. பேணுவாரின்றி வேம்பின் கீழ் உக்கும் வண்டி யாருக்கும் பெருமை தருவதில்லை. அளவறிந்து பேணினால், முதிய வண்டியும் பல்லாண்டு நம்மைச் சுமக்கும்.