கணினிக்கூடத்துப் பெட்டிகள் ஏன் உறைகின்றன?

(பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



மரியாதைக்குரிய ஜமாஅத் பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே! கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் இந்த நாட்களில், சான்றிதழை ஏற்றும்போதே திரை உறைந்துவிடுகிறது, பிள்ளை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது என்று பலரும் வந்து சொன்னீர்கள். எல்லாவற்றையும் மாற்றிப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கப் பணம் தருகிறோம் என்றும் சிலர் முன்வந்தீர்கள். அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வானாக. ஆனால் ஸதகாவாக வரும் பணம் அமானத். நோய் எதுவென்று பார்க்காமல் மருந்து வாங்க நமக்கு உரிமையில்லை.

நம்மிடம் இருப்பவை தின் கிளையண்ட் பெட்டிகள். உள்ளே ஹார்ட் டிஸ்க் கிடையாது. சுவிட்சைப் போட்டதும் நெட்வொர்க் கேபிள் வழியாக சர்வரிலிருந்து லினக்ஸ் ஏறும். எல்.டி.எஸ்.பி. என்ற இலவச ஏற்பாடு இது. பிள்ளை திறக்கும் ஃபயர்பாக்ஸ் சர்வரில்தான் ஓடுகிறது. ஆகவே சர்வருக்குத்தான் மெமரி போதவில்லை என்று எல்லோருக்கும் தோன்றும்.

கூடத்தைக் கவனிக்கும் தம்பி, உறையும் பெட்டி முன் அமர்ந்து டெர்மினலில் 'ஃப்ரீ' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தார். அதில் 'ஃப்ரீ' என்ற கட்டத்தில் எண் சிறிதாக இருந்தால் பதற வேண்டாம். சும்மா கிடக்கும் மெமரியில் லினக்ஸ் கோப்புகளை வைத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். 'அவைலபிள்' கட்டம்தான் முக்கியம். அங்கே தாராளமாக இருந்தது. ஸ்வாப்பும் தொடப்படவில்லை.

இங்கேதான் சூட்சுமம். அந்த டெர்மினலே சர்வரில் ஓடுவது! எந்தப் பெட்டியில் அமர்ந்து கேட்டாலும் சர்வரின் கணக்கைத்தான் சொல்லும். அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, பெட்டிக்குள்ளேயே ஓடும் ஷெல்லைத் திறந்து, அதே கட்டளையை அங்கே கொடுத்தபோது வேறு கணக்கு வந்தது. 512 எம்.பி. மெமரியில் மிச்சமே இல்லை. ஸ்வாப் ஏறிக்கொண்டிருந்தது. ஃபயர்பாக்ஸ் சர்வரில் ஓடினாலும், திரையில் காட்ட வேண்டிய படங்கள் பெட்டியின் மெமரியில் போய்த் தங்குகின்றன. ஸ்கேன் செய்த சான்றிதழ்கள் நாலைந்து திறந்தால் போதும், நிரம்பிவிடும்.

ஸ்வாப் என்றால் என்ன? வியாபாரிகளுக்குச் சொன்னால் புரியும். கடையில் இடமில்லாதபோது சரக்கை குடோனில் போடுகிறோமே, அதுதான். சாதாரணக் கம்ப்யூட்டருக்குக் கடையின் பின்கட்டிலேயே குடோன். நம் பெட்டிக்கு டிஸ்க் இல்லாததால் குடோன் சர்வரில் இருக்கிறது. ஒவ்வொரு சரக்கும் கேபிள் வழியே போய்வர வேண்டும். நாலு பெட்டிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால், ஒன்றும் செய்யாத ஐந்தாவது பெட்டியும் திணறும். ஸ்வாப்பில் கொஞ்சம் கிடப்பதில் தவறில்லை. 'விஎம்ஸ்டாட்' கட்டளையில் 'எஸ்.ஐ.', 'எஸ்.ஓ.' என்ற இரண்டு கட்டங்களிலும் எண்கள் நிற்காமல் ஓடினால்தான் ஆபத்து. நம் பெட்டிகளில் ஓடின.

ஆகவே புதுக் கம்ப்யூட்டர் தேவையில்லை, சர்வருக்கு மெமரியும் தேவையில்லை. பெட்டிக்கு 1 ஜி.பி. டி.டி.ஆர்.2 மெமரி ஒன்று போதும். ஒரு பெட்டியில் போட்டு ஒரு வாரம் ஓட்டினோம். உறையவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டில் பழைய டெஸ்க்டாப் கிடந்தால் அதன் மெமரியை அஸருக்குப் பின் அலுவலகத்தில் கொடுங்கள். லேப்டாப் மெமரி பொருந்தாது. பணம் தருவதாகச் சொன்னவர்கள் சம்மதித்தால், அதைப் பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்துக்குத் திருப்பலாம். உங்கள் நிய்யத்தைக் கேட்டுத்தான் செய்வோம். மெமரி வந்து சேரும்வரை, விண்ணப்பம் போடும் பிள்ளை ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து வேலையை முடிக்கட்டும். பக்கத்துப் பெட்டியில் படம் பார்க்கும் தம்பிகளையும் கொஞ்சம் எழுப்பி விடுங்கள்.

வஸ்ஸலாம்.