ஒரு பிள்ளை கேட்ட கேள்வி

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவுக்கு ஒரு வைத்தியரை அழைத்தால் நீரிழிவைப் பற்றிப் பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். செயலாளரும் அதைத்தான் கேட்டார். ஆனால் இந்த மண்டபத்தில் எனக்கு ஒரு கடன் இருக்கிறது. அதை இன்று தீர்த்துக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் உயர்தர வகுப்பு மாணவிகளோடு பேச இங்கே வந்தேன். நான் கதிரியல் வைத்திய நிபுணர். எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்து நோயைச் சொல்வது என் வேலை. அந்த இயந்திரம் உடம்பிலுள்ள ஐதரசன் அணுக்களின் கருக்களைக் காந்தத்தின் உதவியோடு திருப்புகிறது என்று சொன்னேன். ஒரு பிள்ளை எழும்பினாள். "டொக்டர், கோடிக்கணக்கான கருக்களைத் திருப்பலாமெண்டால், ஒரேயொரு இலத்திரனைப் பிடிச்சு வைச்சுத் திருப்பேலாதா?"

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் பிறகு பாப்பம், முதல்ல சோதினையைப் பாஸ் பண்ணுங்கோ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் இருந்துவிட்டாள். அந்தச் சிரிப்பு கொழும்பு வரை என்னோடு பஸ்ஸில் வந்தது. அதன் பிறகு இரண்டு வருடமாக, வேலை முடிந்த இரவுகளில், அவளுடைய கேள்விக்குப் பதில் தேடிப் படித்தேன். இன்று நான் சொல்லப்போவது அந்தப் பதில்.

என் வயதுக்காரருக்குக் காந்தம் புத்தகத்தில் அறிமுகமானதல்ல. 1990 இற்குப் பின் எங்கள் வீடுகளில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அண்ணா பெடலைச் சுற்றுவார், டயனமோவிலிருந்து வரும் மின்னோட்டத்தில் அப்பா ரேடியோவில் செய்தி கேட்பார். அண்ணாவின் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். காந்தம் சுழன்றால் மின்னோட்டம் வரும் என்பதை நாங்கள் தோள் வலியால் படித்தோம்.

இலத்திரனும் ஒரு சின்னக் காந்தந்தான். எங்கள் சங்கம் தொடங்கிய அதே 1925 ஆம் ஆண்டில், ஒல்லாந்தின் லைடன் நகரில் ஊலன்பெக், கௌட்ஸ்மித் என்ற இரண்டு இளைஞர்கள் இலத்திரனுக்குத் 'தற்சுழற்சி' உண்டு என்று எழுதினார்கள். எங்கள் இரசாயனவியல் குறிப்புகளில் அதற்குக் 'கறங்கல்' என்று பெயர். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. இலத்திரன் பம்பரம்போல் உண்மையாகச் சுற்றுவதாக வைத்துக் கணக்குப் பார்த்தால், அதன் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாக ஓடவேண்டி வரும். ஆகவே அது சுற்றுவதில்லை. காந்தமாக இருப்பது அதன் பிறவிக் குணம். அளந்து பார்த்தால் இரண்டே விடைகள்தான்: மேல் அல்லது கீழ். அளக்கும்வரை அது இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கலாம். அந்தக் கலப்பு நிலையைக் கெடாமல் கையாள்வதுதான் இன்று குவாண்டம் கணினி செய்ய முயல்பவர்களின் முழுப் பாடும்.

கறங்கல் ஏன் வருகிறது என்பதை 1928 இல் டிராக் தன் சமன்பாட்டால் காட்டினார். அந்த டிராக்கிடம் கேம்பிரிட்ஜில் படித்தவர் எங்கள் ஊர்க்காரர் ஒருவர். 1918 இல் நாவற்குழியில் பிறந்து, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர். கதிர்வீச்சை வெளிவிடும் இலத்திரன் எப்படி இயங்கும் என்பதை ஆராய்ந்தார். பின்பு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் மலாயாவிலும் மெல்பேர்னிலும் கணிதப் பேராசிரியராக இருந்தார். 1995 ஒக்டோபர் 30 இரவு, மழையில், நாவற்குழிப் பாலத்தை நானும் சனத்தோடு சனமாக நடந்து கடந்தேன். எனக்கு வயது 14. பாலத்துக்கு அப்பால் இருந்த ஊரிலிருந்து ஒரு பிள்ளை டிராக்கிடம் போயிருக்கிறான் என்பது அன்று எனக்குத் தெரியாது.

இனிக் கேள்விக்கு வருகிறேன். ஒரு தெசிலாக் காந்தப்புலத்தில் ஐதரசன் கருவைத் திருப்ப 42.6 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை போதும். அதே புலத்தில் இலத்திரனுக்கு 28 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை வேண்டும். கிட்டத்தட்ட 660 மடங்கு. அலையை எவ்வளவு நேரம் கொடுக்கிறோமோ அவ்வளவு திரும்பும். இந்த விதி எங்கள் ஸ்கானுக்கும் ஒன்றுதான், தனி இலத்திரனுக்கும் ஒன்றுதான்.

ஆனால் ஒற்றை இலத்திரனை எங்கே பிடித்து வைப்பது? விடை உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது, பிள்ளைகளே. சிலிக்கன் பளிங்கில் ஒரு பொசுபரசு அணுவைச் சேர்த்தால், அதன் ஐந்து வெளி இலத்திரன்களில் நான்கு பிணைப்புக்குப் போக ஒன்று மிஞ்சும். என் வகைக் குறைகடத்தி என்று மனனம் செய்கிறோமே, அதே மிச்ச இலத்திரன். 1998 இல் சிட்னி நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து புரூஸ் கேன் என்பவர், இப்படிப்பட்ட பொசுபரசு அணுக்களால் ஒரு கணினி செய்யலாம் என்று முன்மொழிந்தார். 2012 இல் அதே பல்கலைக்கழகத்தில் அந்திரேயா மொரெல்லோ, அன்ட்ரூ சுராக் ஆகியோரின் குழு, ஒரேயொரு பொசுபரசு அணுவின் இலத்திரனை நுண்ணலையால் விரும்பியபடி திருப்பிக் காட்டியது.

திரும்பியதை எப்படி அறிவது? அணுவுக்குப் பக்கத்தில் மிகச் சின்னத் திரான்சிற்றர் ஒன்று இருக்கிறது. இலத்திரன் 'மேல்' நிலையில் இருந்தால் அதனிடம் சற்றுக் கூடுதல் சக்தி உண்டு, வேலி தாண்டிப் பக்கத்துக்குப் பாயும். 'கீழ்' நிலையில் இருந்தால் பாய வலு இல்லை, இருந்த இடத்தில் இருக்கும். பாய்ந்தால் திரான்சிற்றரின் மின்னோட்டம் ஒரு கணம் துள்ளும். அந்தத் துள்ளல்தான் விடை.

இதற்குக் குளிர் வேண்டும். உடம்புச் சூட்டில் 1.5 தெசிலா ஸ்கானுக்குள் பத்து இலட்சம் ஐதரசன் கருக்களில் ஐந்து அளவுதான் ஒரு பக்கம் மிகையாக நிற்கும். கருக்கள் எண்ணற்றவை என்பதால் எங்களுக்கு அது போதும். ஒற்றை இலத்திரனை வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. தனிப்பூச்சியத்துக்கு மேல் ஒரு பாகையின் சிறு பங்குவரை குளிரவைக்க வேண்டும்.

அடுத்தது மறதி. கறங்கல்கள் ஒன்றாகத் தொடங்கினாலும், அயலிலுள்ள காந்தப்புலம் இடத்துக்கு இடம் சற்று வேறுபடுவதால், ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், கோலம் குலையும். 1950 இல் எர்வின் ஹான் இதற்கு ஒரு வழி கண்டார். எங்கள் விளையாட்டு மைதானத்தை நினையுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே கோட்டிலிருந்து ஓடுகிறார்கள், சற்று நேரத்தில் சிதறிவிடுகிறார்கள். ரீச்சர் விசில் ஊதி, "திரும்பி ஓடுங்கோ" என்கிறார். அதே வேகத்தில் திரும்பி ஓடினால் முன்னுக்கு நின்றவளும் பின்னுக்கு நின்றவளும் ஒரே நேரத்தில் கோட்டுக்கு வந்து சேர்வார்கள். கறங்கல் எதிரொலி என்று இதற்குப் பெயர். நான் ஒவ்வொரு நாளும் பார்க்கும் படங்களில் பல இப்படி எடுக்கப்பட்டவை. சிட்னியில் இதே வித்தையைத் திரும்பத் திரும்பச் செய்து, கருக்கறங்கல் இல்லாத சிலிக்கன் 28 ஐயும் பயன்படுத்தி, பொசுபரசுக் கருவில் குவாண்டம் நிலையை 30 செக்கனுக்கு மேல் காத்ததாக 2014 இல் அறிவித்தார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. வழியில் வேகம் மாறிப்போனவள் விசிலுக்குத் திரும்பினாலும் நேரத்துக்கு வந்து சேரமாட்டாள். எதிரொலி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெலிந்துதான் கேட்கும். இந்த மண்டபத்தில் காலியாக இருக்கும் கதிரைகளை நீங்களும் பார்க்கிறீர்கள், நானும் பார்க்கிறேன்.

தனி இலத்திரன் ஒரு வழி மட்டுமே. மீகடத்திகளால் செய்த சின்னச் சுற்று முழுவதையும் ஓர் அணுபோல நடக்கவைப்பது இன்னொரு வழி. அதற்கு அத்திவாரமிட்ட கிளார்க், டெவொரே, மார்ட்டினிஸ் ஆகிய மூவருக்குத்தான் 2025 ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. டெவொரேயிடம் யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஆர். விஜயராகவன், இன்று மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கென ஓர் ஆய்வுகூடம் நடத்துகிறார். அங்கே ஆறு கியூபிட் கொண்ட செயலி ஒன்று பரிசோதித்து முடிக்கப்பட்டதாக 2024 ஓகஸ்டில் அறிவித்தார்கள். மும்பை எங்களுக்குத் தூரமில்லை.

இப்போது என் பங்குக் குற்றத்தைச் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் என் பக்கத்து மேசைக்காரி கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து ரீச்சர் கழற்றி வந்த காந்தத்தை வைத்து, அவள் கேட்ட கேள்விகளுக்கு ரீச்சரே இரவு வீட்டில் படித்துவிட்டு வந்து பதில் சொன்னார். கணிதப் பிரிவுக்குப் போக ஆசைப்பட்டாள். "பொம்பிளைப் பிள்ளைக்கு உயிரியல்தான் நல்லது, டொக்டராகலாம்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவளுக்கு வைத்தியம் கிடைக்கவில்லை. பௌதிகவியலும் கிடைக்கவில்லை. இன்று கனடாவில் கணக்காளராக இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்தப் பெரியவர்கள் சொன்னதைத்தான் 28 வருடங்களின் பின் நானும் வேறு வார்த்தையில் இதே மண்டபத்தில் சொன்னேன்.

சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். மண்டபத்துக்கு வர்ணம் பூசுவதற்கு முன் பௌதிகவியல் ஆய்வுகூடத்தைப் பாருங்கள். நல்ல காந்தங்கள், கம்பிச் சுருள்கள், ஓர் அலைவுகாட்டி: தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். முதற் பங்கை நான் தருகிறேன். வெளிநாட்டிலிருக்கும் எங்கள் பொறியியலாளர்களும் ஆராய்ச்சியாளர்களும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இந்தப் பிள்ளைகளோடு கணினித் திரையிலாவது பேசுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளை போன வருடம் பாடசாலையை விட்டுப் போய்விட்டாள் என்று அறிந்தேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இந்த மலர் அவள் கையில் கிடைத்தால்: பிள்ளை, ஒரேயொரு இலத்திரனையும் திருப்பலாம். நீர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. நான்தான் அன்று சரியாக நடக்கவில்லை.