பெரிய கதையும் ஒரே பஞ்சாங்கமும்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மாயாஜால நாவல் பற்றிப் பேச, பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துச் சர்க்கார் ஃபைல்களோடு காலம் தள்ளிய கிழவனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலைப் பென்சிலும் கையுமாக இரண்டு தடவை படித்தேன், அவ்வளவுதான்.

1954-55இல் மூன்று பாகங்களாக வெளிவந்த நூல். ஒன்பது பேர் சேர்ந்து புறப்பட்டு, வழியில் சிதறிப் போகிறார்கள். கதை பல கிளைகளாகிறது. ஆனால் எல்லாக் கிளைக்கும் வானம் ஒன்றுதானே? எழுதும்போதே, 1944இல், டோல்கீன் தம் மகனுக்கு ஒரு கடிதம் போட்டார். கதையில் சந்திரன் ஓரிடத்தில் உதிக்கிற அதே நேரத்தில் வேறிடத்தில் அஸ்தமிக்கிறது என்று அதில் அங்கலாய்க்கிறார். பிறகு உட்கார்ந்து திருத்தினார். நூலின் அநுபந்தத்தில் தேதிவாரியாக ஒரு பட்டியலே இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் பேத்தி ஐந்து கிளை, நாற்பது பாத்திரங்கள் என்று நாவல் ஆரம்பித்து, இருநூறு பக்கத்தில் கைவிட்டுவிட்டாள். "யார் எங்கே இருக்கான்னே தெரியலை தாத்தா" என்றாள். கோடு போட்ட நோட்டில் தேதிகளைக் கீழ்நோக்கியும் கிளைகளைக் குறுக்கேயும் எழுதச் சொன்னேன். சேனை பன்னிரண்டு நாளில் கடந்த மலையை அவள் கதாநாயகன் ஒரே ராத்திரியில் கடந்திருந்தான்! இப்போது திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள்.

பாத்திரங்கள் அதிகமானால் வாசகன் குழம்புவான் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. டோல்கீன் பல கிளைகளில் ஒரு குள்ளமான, சாதாரண ஹாபிட்டை அனுப்பி வைக்கிறார். ராஜாக்களையும் சேனாதிபதிகளையும் அவன் கண்ணால் பார்க்கும்போது நமக்குப் பெயர்கள் மறப்பதில்லை.

சாமர்த்தியம் இன்னோரிடத்தில் இருக்கிறது. ஃப்ரோடோ எதிரியிடம் சிக்கியதோடு இரண்டாம் பாகம் முடிகிறது. மூன்றாம் பாகத்தின் முதல் பாதியில் அவன் தலைகாட்டுவதே இல்லை. அதன் கடைசியில் எதிரியின் தூதன் வந்து ஃப்ரோடோவின் கவசத்தை எடுத்துக் காட்டுகிறான். கண்டால்ஃபைப் போலவே நாமும் கதிகலங்கிப் போகிறோம். உண்மையில் பத்து நாள் முன்பே சாம் அவனை மீட்டாயிற்று! அதை அடுத்த பாதியில்தான் சொல்கிறார். நாள்வாரியாகக் கிளைகளை மாற்றி மாற்றிச் சொல்லியிருந்தால் இந்தப் பயம் ஏது?

2003இல் வந்த படத்தில் அப்படித்தான் கலந்து சொன்னார்கள். தியேட்டருக்கு வந்த பிரதியில் தூதன் காட்சியே கிடையாது. நீட்டிய பதிப்பில் இருக்கிறது. ஆனால் ஃப்ரோடோ தப்பியதை முன்னமேயே பார்த்துவிடுகிறோம். தூதன் கவசத்தைக் காட்டும்போது நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.