ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி: சாஃப்ட்வேரை எப்படி காப்பாத்துறது?

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிஞ்சது. அதுலேர்ந்து நம்மள்ல நிறைய பேர் 11-க்கு மாறிட்டு இருக்கோம், சிலர் லினக்ஸ் பக்கம் போயிட்டு இருக்காங்க. எதுக்குப் போனாலும் நடுவுல ஒரு ஃபார்மேட் வருது. அப்போ எல்லாரும் கேக்குற முதல் கேள்வி: "போட்டோ, டாக்குமென்ட் எல்லாம் காப்பி பண்ணிட்டேன். போட்டு வச்சிருக்கிற சாஃப்ட்வேரையும் அப்படியே பென் டிரைவ்ல எடுத்துக்கலாமா?"

முடியாதுங்க. ஏன்னு புரிஞ்சுக்கிட்டா, எதை எடுத்து வைக்கணும்னும் தன்னாலயே தெரிஞ்சிடும்.

சி டிரைவ்ல 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டர் இருக்கும். அதைப் பார்த்ததும் சாஃப்ட்வேர் முழுசா அங்கதான் இருக்குன்னு தோணும். ஆனா வீடு மாத்துறதை நினைச்சுப் பாருங்க. கட்டில், பீரோ எல்லாத்தையும் குட்டி யானைல ஏத்திடலாம். கேஸ் கனெக்‌ஷன், ரேஷன் கார்டு அட்ரஸ் எல்லாம் வண்டில ஏறாது. அதே மாதிரி ஒரு சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகும்போது தன்னைப் பத்தின தகவலை விண்டோஸோட ரெஜிஸ்ட்ரிலயும் பதிவு பண்ணிக்கும். எங்க இருக்கேன், எந்த ஃபைலை நான் திறப்பேன், லைசன்ஸ் என்ன, எல்லாமே அங்க போகும். கொஞ்சம் ஃபைல் 'புரோகிராம் டேட்டா'வுல, கொஞ்சம் விண்டோஸ் ஃபோல்டர்லயே உட்காரும். நீங்க ஃபோல்டரை மட்டும் தூக்கிட்டுப் போனா, புது விண்டோஸுக்கு அது யாருன்னே தெரியாது. 'போர்ட்டபிள்'னு போட்டு வர்ற சாஃப்ட்வேர் மட்டும்தான் ஃபோல்டரைத் தூக்கினா ஓடும். ஸ்டீம்ல வாங்கின கேம் ஃபைல்களும் கிட்டத்தட்ட அப்படித்தான், அந்த ஃபோல்டரை எடுத்து வச்சா நூறு ஜிபி திரும்ப டவுன்லோட் பண்ண வேண்டியதில்ல.

விண்டோஸ்லயே 'ரீசெட் திஸ் பிசி'ன்னு ஒண்ணு இருக்கு, அதுல 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தா போதாதான்னு சிலர் கேப்பாங்க. பேருலயே இருக்கு பாருங்க, ஃபைல்ஸ் மட்டும்தான். நீங்க போட்ட சாஃப்ட்வேரை எல்லாம் தூக்கிட்டு, எதை எதைத் தூக்கினேன்னு டெஸ்க்டாப்ல ஒரு லிஸ்ட் போட்டு வைக்கும். அவ்ளோதான் அதோட கருணை.

ஆனா அந்த லிஸ்ட்ங்கிற ஐடியா நல்லது. அதை ஃபார்மேட்டுக்கு முன்னாடியே நாமளே எடுக்கணும். விண்டோஸ்ல 'விங்கெட்'னு ஒரு கமாண்ட் இருக்கு. டெர்மினலைத் திறந்து, விங்கெட், ஸ்பேஸ், எக்ஸ்போர்ட், ஸ்பேஸ், ஹைஃபன் ஓ, ஸ்பேஸ், அப்புறம் ஒரு ஃபைல் பேர். உங்க மெஷின்ல இருக்கிற சாஃப்ட்வேரோட பட்டியல் ஒரு சின்ன ஜேசன் ஃபைலா வந்துடும். புது விண்டோஸ்ல எக்ஸ்போர்ட்டுக்கு பதிலா இம்போர்ட், ஹைஃபன் ஐ. குரோம், விஎல்சி, செவன் ஜிப், விஎஸ் கோட்னு வரிசையா அதுவே இறக்கிப் போடும். நீங்க டீ குடிச்சிட்டு வரலாம்.

இதுல பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. எக்ஸ்போர்ட் ஓடும்போது, "இது எந்த சோர்ஸ்லயும் கிடைக்கல"ன்னு சில பேரைத் திரையில காட்டும். ஸ்கிரால் பண்ணிட்டுப் போயிடாதீங்க, போட்டோ எடுத்து வைங்க. மத்ததெல்லாம் நெட்ல எப்போ வேணா கிடைக்கும். இந்தப் பேர்கள்தான் உங்க உண்மையான கவலை. பழைய பிரிண்டரோட டிரைவர், சிடில வந்த சாஃப்ட்வேர், கம்பெனியே இழுத்து மூடிட்டுப் போன ஏதோ ஒரு டூல். இதுக்கெல்லாம் இன்ஸ்டாலர் ஃபைல் கையில இருக்கா, சீரியல் நம்பர் இருக்கான்னு பார்க்காம ஃபார்மேட் பக்கமே போகாதீங்க.

நம்ம ஊர்ல இதுக்கு சரியான உதாரணம் தமிழ் ஃபான்ட். வீட்ல அப்பாவோ தாத்தாவோ பழைய கம்ப்யூட்டர்ல தமிழ்ல டைப் பண்ணி வச்சிருந்தாங்கன்னா, அது யூனிகோடா இருக்கணும்னு அவசியமில்ல. பாமினி, வானவில் மாதிரி ஃபான்ட்டா இருக்கலாம். பாமினில 'அம்மா'ன்னு அடிச்சா, ஃபைலுக்குள்ள சேவ் ஆகுறது எம், கே, செமிகோலன், கே, எச். அந்த ஃபான்ட் இருக்கிறவரைக்கும் திரையில அம்மா தெரியும். ஃபார்மேட் பண்ணி ஃபான்ட் போயிடுச்சுன்னா, முழு டாக்குமென்ட்டும் ஆங்கில எழுத்துக் குப்பை மாதிரி தெரியும். ஃபைல் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு அதை டிலீட் பண்ணிட்டா, அதோட போச்சு. குடும்ப வரலாறோ, கல்யாணப் பத்திரிகையோ, அச்சுக்குப் போகாத ஒரு கதையோ, எதுவா வேணா இருக்கலாம் அது. அதனால ஃபான்ட்டை எடுத்து வைங்க. விண்டோஸ் 10-ல 1809 வெர்ஷன்லேர்ந்து, உங்க யூசருக்கு மட்டும் போட்ட ஃபான்ட் 'ஆப்டேட்டா'வுக்குள்ள 'லோக்கல்', 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ்', 'ஃபான்ட்ஸ்'ங்கிற பாதையில இருக்கும். பழைய வழக்கப்படி விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டர்லயும் இருக்கலாம். ரெண்டையும் பாருங்க. முடிஞ்சா அப்படியே ஒரு கன்வர்ட்டர்ல போட்டு யூனிகோடுக்கும் மாத்தி ஒரு காப்பி வச்சுக்கோங்க.

ஆப்டேட்டான்னு சொன்னேன் இல்ல, அது உங்க யூசர் ஃபோல்டருக்குள்ள மறைஞ்சு இருக்கிற ஒண்ணு. உங்க சாஃப்ட்வேரோட செட்டிங்ஸ்ல பெரும்பகுதி அங்கதான். ஓபிஎஸ் சீன், எடிட்டிங் பிரீசெட், கேமோட சேவ் ஃபைல் எல்லாம் இங்க இருக்க வாய்ப்பு அதிகம். வியூல 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் பண்ணா தெரியும். முழுசா எடுத்து வைங்க. ஆனா முழுசா திரும்பப் போடாதீங்க, தேவைப்படுற சாஃப்ட்வேரோட ஃபோல்டரை மட்டும் எடுத்துப் போடுங்க. குரோம் மாதிரி பிரவுசரோட பாஸ்வேர்டு இந்த வழியில வராதுங்கிறதையும் ஞாபகம் வைங்க. அது உங்க பழைய விண்டோஸ் அக்கவுன்ட்டோட சேர்த்து என்கிரிப்ட் ஆகி இருக்கும். ஃபோல்டரை காப்பி பண்ணாலும் புது விண்டோஸ்ல திறக்காது. முன்னாடியே சிங்க் ஆன் பண்ணுங்க, இல்ல எக்ஸ்போர்ட் பண்ணுங்க.

லைசன்ஸ் விஷயத்தை சீக்கிரம் சொல்லிடுறேன். அடோபி மாதிரி ரெண்டு மெஷின்ல மட்டும் அனுமதிக்கிறதுக்கு, ஃபார்மேட்டுக்கு முன்னாடி சைன் அவுட். டேலில 'சரண்டர்'னு ஒரு ஆப்ஷனே இருக்கு, பண்ணிடுங்க. கம்பெனி டேட்டா எந்த ஃபோல்டர்ல இருக்குன்னும் பாருங்க, வீட்ல கடைக் கணக்கு அதுல இருந்தா விளையாட்டு இல்ல. விண்டோஸுக்கு, ஏற்கனவே ஆக்டிவேட் ஆன அதே மெஷின்னா பொதுவா கீ தேவைப்படாது, ஹார்டுவேரைப் பார்த்து அதுவே ஆக்டிவேட் ஆகும்.

இவ்ளோ எல்லாம் யாருங்க பண்றதுன்னு கேக்குறவங்களுக்கு, டிஸ்க் இமேஜ். குளோன்ஜில்லா இலவசம். டிரைவை அப்படியே அச்சு எடுத்து எக்ஸ்டர்னல் டிஸ்க்ல வச்சிடும். ஆனா வைரஸ், குப்பைன்னு எதுக்காக ஃபார்மேட் பண்றீங்களோ, அதுவும் இமேஜ்ல பத்திரமா இருக்கும். அதைத் திரும்பப் போட்டா பழைய நிலைமைதான். என்னைக் கேட்டா, இமேஜை இன்சூரன்ஸ் மாதிரி ஒரு மாசம் வச்சுக்கோங்க. புதுசா இன்ஸ்டால் பண்ணி ஓட்டுங்க, ஏதாவது விட்டுப்போச்சுன்னா இமேஜ்லேர்ந்து தோண்டி எடுக்கலாம்.

டி டிரைவ்ல வச்சிருக்கேன்னு சொல்றவங்களே, சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கோட ரெண்டு பார்ட்டிஷனா இருந்தா அது பேக்கப் இல்ல. இன்ஸ்டால் பண்ணும்போது தப்பான பார்ட்டிஷனை ஒரு கிளிக் பண்ணா டி-யும் காலி. வெளி டிஸ்க்ல எடுத்துட்டு, இன்ஸ்டால் பண்ணும்போது அதைக் கழட்டி வைங்க.

கம்ப்யூட்டரைக் கடையில கொடுக்குறதா இருந்தா "டேட்டா பேக்கப் எடுத்துடுங்க அண்ணா"ன்னு சொன்னா, அவங்க எடுக்கிறது பெரும்பாலும் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும்தான். ஆப்டேட்டாவும் ஃபான்ட்டும் வேணும்னு பேப்பர்ல எழுதியே கொடுங்க. கூடவே பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்த 48 இலக்க ரெக்கவரி கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கான்னு போன்ல லாகின் பண்ணிப் பார்த்துட்டு, அப்புறம் கம்ப்யூட்டரைக் கையில கொடுங்க.