பெயரில்லாத பதினொரு பேர்



இன்று கதை எழுதுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதுவும் பேய்க்கதை. ‘வாத்தியாருக்கு வேறு வேலை இல்லையா?’ என்று சிலர் நினைக்கலாம். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த ஒரு மாணவி இப்போது நான்காம் படிவத்தில் இருக்கிறாள். பள்ளி விடுமுறையில் ஒருநாள் மாலை, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். “சார், ஒரு நாவல் எழுதுகிறேன். படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்” என்றாள்.

அமெரிக்காவில், லூசியானா மாநிலத்தில், ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி வேலை வாங்கிய காலத்துக் கதை அது. ஒரு கரும்புத் தோட்டம். அந்தத் தோட்டத்துத் துரை ஓர் இரத்தக்காட்டேரி. பகலில் வெளியே தலைகாட்ட மாட்டான். இரவானால் அடிமைகளின் குடிசைகளில் புகுந்து, கழுத்தைக் கடித்து இரத்தம் குடிப்பான்.

எழுத்து நன்றாகவே இருந்தது. இரண்டு இடங்களில் எனக்கே பயம் வந்துவிட்டது. படித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டேன்.

“உன் காட்டேரி மொத்தம் எத்தனை பேரைக் கொன்றது?”

“பதினொரு பேர் சார்.”

“அவர்கள் பெயர் என்ன?”

அவள் விழித்தாள். நோட்டைப் புரட்டினாள். துரைக்குப் பெயர் இருந்தது. துரைசானிக்குப் பெயர் இருந்தது. துரை ஏறி வரும் குதிரைக்கும் பெயர் இருந்தது. செத்துப்போன பதினொரு பேரில் ஒருவருக்குக்கூடப் பெயர் இல்லை.

அப்போது அவளுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அமெரிக்காவில் 1850-ஆம் ஆண்டிலும் 1860-ஆம் ஆண்டிலும் மக்கள் தொகைக் கணக்கு எடுத்தபோது, அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் போட்டார்கள். முதலாளியின் பெயரை எழுதி, அதன் கீழே முப்பது வயது ஆண், பன்னிரண்டு வயதுப் பெண் என்று வயதையும் பாலையும் நிறத்தையும் குறித்துக்கொண்டார்கள். பெரும்பாலும் பெயர் எழுதவில்லை. 1860-இல் இப்படி எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 39 இலட்சத்து 50 ஆயிரம் பேர். “நீயும் அந்தக் கணக்கெடுப்பாளர் செய்ததையே செய்திருக்கிறாய், அம்மா” என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. ஆனால் சொல்லாமல் விட்டிருந்தால் நான் அவளுக்கு ஆசிரியனாக இருந்து பயனில்லை.

இன்னொரு குறையும் அந்தக் கதையில் இருந்தது. துரை கொடுமை செய்வதற்குக் காரணம், அவன் காட்டேரியாக மாறிவிட்டதுதான் என்று எழுதியிருந்தாள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பேய்தான் கொடுமை செய்தது என்றால், மனிதன் தப்பித்துக்கொள்கிறான் அல்லவா?

1781-ஆம் ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள். ‘சோங்’ என்ற ஆங்கிலேயக் கப்பல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிக்கொண்டு ஜமைக்காவுக்குப் போனது. குடிநீர் போதாது என்று சொல்லி, 130-க்கும் மேற்பட்டவர்களை உயிரோடு கடலில் தள்ளிவிட்டார்கள். பிறகு, சரக்கு நட்டமாகிவிட்டது என்று கப்பல் முதலாளிகள் காப்புறுதிப் பணம் கேட்டார்கள். 1783-இல் லண்டன் நீதிமன்றத்தில் அது கொலை வழக்காக அல்ல, காப்புறுதி வழக்காகவே விசாரிக்கப்பட்டது. அங்கே கோரைப்பல் இல்லை. கணக்குப் புத்தகம்தான் இருந்தது. அதைச் செய்தவர்கள், வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கொஞ்சியிருக்கக்கூடிய சாதாரண மனிதர்கள். ஆகவே இந்தக் காலத்தைப் பற்றிக் காட்டேரிக் கதை எழுதுகிறவர், காட்டேரியைவிட அந்தக் கணக்குப் புத்தகம் பயங்கரமானது என்பதை மறக்கக்கூடாது.

அப்படியானால் இந்தக் காலத்தைப் பற்றிப் பேய்க்கதையே எழுதக்கூடாதா? தாராளமாக எழுதலாம். அந்தப் பயம் எழுத்தாளர்கள் இட்டுக்கட்டியதன்று. ஒலாடா எக்குவியானோ என்பவர், அடிமையாக இருந்து விடுதலை பெற்று, 1789-இல் தம் வரலாற்றை நூலாக எழுதினார். சிறுவனாகக் கப்பலில் ஏற்றப்பட்டபோது, கொதிக்கும் பெரிய செப்புக் கொப்பரையையும் சங்கிலியில் கட்டுண்ட மக்களையும் கண்டு, இந்த வெள்ளையர்கள் தம்மைத் தின்றுவிடுவார்களோ என்று நடுங்கியதாக அதில் சொல்கிறார். மனிதனைத் தின்னும் அரக்கன் என்ற எண்ணம், பிடிபட்டவர்கள் மனத்திலேயே முதலில் எழுந்துவிட்டது. ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர் அப்படிக் கப்பலேற்றப்பட்டார்கள். அக்கரையில் உயிரோடு இறங்கியவர்கள் 1 கோடியே 7 இலட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இத்தகைய கதைகளை முன்பே சிலர் எழுதியிருக்கிறார்கள். 1819-இல் நியூயார்க்கில் ‘கறுப்புக் காட்டேரி’ என்று பொருள்படும் ஒரு சிறுகதை நூல் வந்தது. முதலாளி கொன்றுபோட்ட ஓர் அடிமைச் சிறுவன் காட்டேரியாகத் திரும்பி வருகிறான். கதை நடக்கும் இடம் செயின்ட் தொமிங். 1791-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, 1804-இல் ஹெயிட்டி என்ற சுதந்திர நாடாக ஆக்கிய அதே மண்.

1976-இல் ஆன் ரைஸ் என்ற அம்மையார் எழுதிய புகழ்பெற்ற காட்டேரி நாவல், லூசியானாவில் ஓர் அவுரித் தோட்டத்து முதலாளியைப் பற்றியது. அவன் காட்டேரியாகி வருந்துவதைப் பக்கம் பக்கமாகக் கேட்கிறோம். அவனுடைய அடிமைகளின் வருத்தத்தை அந்த அளவுக்குக் கேட்பதில்லை. 1991-இல் ஜுவெல் கோமஸ் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர் கதையைத் திருப்பிப் போட்டார். 1850-ஆம் ஆண்டு, லூசியானா. தோட்டத்திலிருந்து தப்பியோடிய ஓர் அடிமைச் சிறுமிக்கு ஒரு காட்டேரிப் பெண் அடைக்கலம் தருகிறாள். பிறகு சிறுமியும் காட்டேரி ஆகிறாள். ஆனால் அவள் ஒருவரிடமிருந்து இரத்தம் எடுத்தால் அவரைக் கொல்வதில்லை. பதிலுக்கு அவர் மனத்தில் ஒரு நல்ல கனவையோ ஆறுதலையோ வைத்துவிட்டுப் போகிறாள். எடுத்துக்கொண்டு ஒன்றுமே கொடுக்காதவன் யார் என்பதை வாசகரே புரிந்துகொள்வார். கதை எழுதும் முறை என்பது இதுதான்.

எழுத விரும்பும் பிள்ளைகளுக்கு மூன்று யோசனைகள் சொல்கிறேன். முதலாவது, இறப்பவருக்குப் பெயர் வையுங்கள். அந்தப் பெயருக்கும் வரலாறு தேடுங்கள். ஜமைக்காவில் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளைக்குத் தாய்நாட்டு வழக்கப்படி கோஃபி என்ற பெயர் இருந்தது. முதலாளியோ சீசர் என்று தன் விருப்பத்துக்குப் பெயர் மாற்றி அழைத்தான்.

இரண்டாவது, வேலையைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். கரும்பு ஆலைகள் அறுவடைக் காலத்தில் இரவும் பகலும் ஓடின. தூக்கக் கலக்கத்தில் கை உருளைக்குள் போய்விட்டால், வெட்டி உயிரைக் காப்பதற்காகக் கோடரியைப் பக்கத்திலேயே வைத்திருந்த ஆலைகளும் உண்டு.

மூன்றாவது, உங்கள் பாத்திரம் பயப்பட மட்டும் செய்யக்கூடாது. எதற்காவது ஆசைப்படவும் வேண்டும். ஹேரியட் ஜேக்கப்ஸ் என்ற பெண், முதலாளியின் தொல்லைக்குத் தப்பி, பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் மறைந்திருந்தார். ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம், உயரமான இடத்திலும் மூன்றே அடி. சவப்பெட்டியில் காட்டேரி ஒளிந்திருப்பதாகக் கதையில் படிக்கிறோம். இங்கே மனிதனுக்குப் பயந்து ஒரு மனுஷி ஒளிந்திருந்தாள். பலகையில் சிறு துளையிட்டு, கீழே விளையாடும் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 1861-இல் அதையெல்லாம் நூலாகவும் வெளியிட்டாள்.

நேயர்களே, நம் பாட்டன்மாரும் தோட்டங்களுக்குத்தான் வந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் அடிமை முறையை ஒழிக்க 1833-இல் சட்டம் இயற்றினார்கள். நட்டஈடாக முதலாளிகளுக்கு இரண்டு கோடிப் பவுன் கிடைத்தது; அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அதன் பிறகுதான் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் பெருந்தொகையாகக் கப்பலேறினார்கள். மலாயாவுக்கு அப்படி ஆள் சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. நம்மவர் பட்ட துன்பம் பெரிது. ஆனாலும் அடிமை வேறு, ஒப்பந்தக் கூலி வேறு. நம் பாட்டியின் குழந்தையைச் சட்டப்படி சந்தையில் விற்க எவனாலும் முடியவில்லை. இந்த வேறுபாட்டை மறக்காமல் இருப்பதுதான் இரண்டு துன்பங்களுக்கும் நாம் செய்யும் மரியாதை.

அந்த மாணவி மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்தாள். நோட்டில் பாதிக்கு மேல் அடித்துத் திருத்தியிருந்தாள்.

“பதினொரு பேருக்கும் பெயர் வைத்துவிட்டேன் சார். ஒருத்தி தப்பியோட வழி தேடுகிறாள். ஒரு தாத்தா திருட்டுத்தனமாக எழுத்துப் படிக்கிறார். இப்போது ஒரு சிக்கல். யாரையும் கொல்ல எனக்கு மனம் வரவில்லை.”

“அந்தக் காலத்து முதலாளிக்கு வராத மனம் உனக்கு வந்துவிட்டது. இனி எழுது” என்றேன்.

தாய்மார்களே, உங்கள் பிள்ளை மூலையில் உட்கார்ந்து பேய்க்கதை எழுதினால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, செத்துப்போனவர்களின் பெயர் என்ன என்று மட்டும் கேளுங்கள்.